மெத்தை வாங்கும் முன் உள்ளே இருப்பதைப் பாருங்கள்



"மெத்தை வாங்குவதைப் பற்றி சுகாதாரத் துறை எதற்குப் பேச வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள் காலை உட்கார்ந்து பாருங்கள். "இடுப்பு பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியல டாக்டர்" என்று ஒருவர் வருவார். "ராத்திரி பூரா பிள்ளைக்குத் தும்மலும் இளைப்பும்" என்று ஒரு தாய் வருவார். எல்லாவற்றுக்கும் படுக்கைதான் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் உடம்பு கிடக்கிற இடம் அது. அதை வாங்கும்போது மட்டும் நாம் மேல் துணியின் பூ டிசைனைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

கல்யாணச் சீருக்கு என்றால் இன்னும் மோசம். பெண் வீட்டார் பாத்திரக் கடையில் ஒவ்வொரு குடத்தையும் தட்டிப் பார்ப்பார்கள், எடை போடச் சொல்வார்கள். மெத்தைக்கு வந்ததும், "நல்லா பளபளன்னு ஒண்ணு குடுங்க" என்பதோடு சரி. ஆறு மாதம் கழித்து நடுவில் குழி விழுந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்ற யோசனை வருகிறது.

முதலில் ஒன்று. மெத்தை கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. கோரைப் பாயில், கயிற்றுக் கட்டிலில் படுத்து நன்றாகத் தூங்கி, வலியில்லாமல் எழுந்திருக்கிற உடம்புக்கு அதுவே போதும். அக்கம்பக்கத்தில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காகத் தவணையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணி, பிரசவித்த பெண், மூட்டுவலிக்காரர், வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் அப்போது மெத்தையும் கட்டிலும் அவசியமாகிறது. அந்தப் பணம் வீணாகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறோம்.

இலவம் பஞ்சு

நம் பக்கத்துப் பழைய மெத்தை இதுதான். தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கம் மலையடிவாரத்தில் இலவ மரங்கள் நிறைய உண்டு. கோடையில் காய் வெடித்துப் பஞ்சு வரும். "இலவு காத்த கிளி" என்று பழமொழியில் கேலி செய்கிறோமே, அந்த இலவம்தான். கிளிக்கு ஏமாற்றம், நமக்கு மெத்தை.

இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றாக, குழாய் மாதிரி இருக்கும். அந்தக் குழாய்க்குள் காற்று. இழையின் மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. அதனால்தான் இவ்வளவு லேசாக இருக்கிறது. அதனால்தான் தண்ணீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். வியர்வையை இழுத்து வைத்துக்கொள்ளாது என்பதால் நம் வெயிலுக்கு ஏற்றது.

குறை இல்லாமல் இல்லை. நாளாக ஆக அமுங்கிப் போகும். படுக்கிற இடம் பள்ளமாகும். பருத்தியைப் போல இதை அடிக்கடி வில்லால் கொட்டக் கூடாது. இழை முறியும் சுபாவம் கொண்டது. கொட்டக் கொட்டப் பொடியாகி, அந்தப் பொடி மூக்கில் ஏறும். வெயிலில் காயவைத்துக் கையால் தட்டி, உதறிப் பரப்பினால் போதும். தீ மிக வேகமாகப் பற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். மெத்தையில் உட்கார்ந்து பீடி குடிக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்காரர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

இலவம் என்று சொல்லி மில் கழிவையும், கிழிந்த துணியைப் பிரித்த பஞ்சையும் கலந்து அடைப்பவர்கள் உண்டு. கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. கொஞ்சம் எடுத்து விரல்களுக்கு நடுவே திரியுங்கள். பருத்தி திரிந்து நூலாக வரும். இலவம் வழுக்கும், முறியும், நூலாகாது. இளமஞ்சள் சாயலில் பட்டுப் போல மினுங்கும். கலர் கலராக நூல் துண்டுகள் தெரிந்தால் அது துணிக் கழிவு. பாலியஸ்டர் கலந்திருக்குமோ என்று சந்தேகமா? ஒரு சிட்டிகையை வெளியே, மற்ற பஞ்சுக்கு வெகுதூரம் தள்ளி, தரையில் வைத்துக் கொளுத்துங்கள். பஞ்சு என்றால் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கருப்பு மணியாக இறுகும்.

கூடுமானவரை பஞ்சைத் தனியாக வாங்கி, கண்ணெதிரே எடைபோட்டு, கண்ணெதிரே அடைக்கச் சொல்லுங்கள். விதை இருக்கிறதா என்றும் பாருங்கள். விதை இருந்தால் எலி வரும், படுத்தால் உறுத்தும்.

பருத்திப் பஞ்சு

பருத்தி மெத்தை கனம். புதிதில் நன்றாக இருக்கும், பிறகு கட்டி கட்டியாகத் திரளும். ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியது உலர நேரமாகும். ஆனால் பருத்திக்கு ஒரு பெருமை உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பஞ்சு கொட்டுபவரைக் கூப்பிட்டுக் கொட்டி, உறை மாற்றித் தைத்தால் மறுபடியும் புதுசு. அதே பஞ்சு பல வருஷம் உழைக்கும். பஞ்சு கொட்டுகிறவர் இன்னும் உங்கள் ஊருக்கு வருகிறார் என்றால் பருத்தியை எடுத்துக்கொள்ளலாம். வருவதில்லை என்றால் யோசியுங்கள். கொட்டும்போது குழந்தைகளையும், ஆஸ்துமா உள்ளவர்களையும் பக்கத்தில் விடாதீர்கள்.

தேங்காய் நார் மெத்தை

கடையில் "காயர்" என்று சொல்வது இது. தென்னை நாரைச் சுருட்டி, அதன்மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் வைத்து அழுத்திச் சூடு காட்டிப் பலகை போல ஆக்குகிறார்கள். நாருக்கு நடுவே காற்று ஓடும். அமுங்காமல் கெட்டியாக இருக்கும். மூட்டு வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் புரண்டு படுக்கவும் எழுந்திருக்கவும் சௌகரியம். நார் மெத்தைக்கு மேலே ஓர் அங்குலம் ஸ்பாஞ்சு ஒட்டி வருவதும் உண்டு. வெறும் நார் உடம்பில் உறுத்துகிறவர்களுக்கு அது பரவாயில்லை.

ரப்பர் குறைத்துச் செய்த மெத்தை சீக்கிரம் நார் உதிர்க்கும். மெத்தையை நிமிர்த்தி நிறுத்தி, பக்கவாட்டில் பலமாகத் தட்டிப் பாருங்கள். கீழே பொடி கொட்டுகிறதா? அந்த மெத்தை வேண்டாம். வாங்கி வந்த பிறகு இதை நடுவே மடிக்கக் கூடாது. மடித்தால் உள்ளே நார்ப் பலகை உடையும், உடைந்தது கூடாது. பகலில் சுருட்டி மூலையில் வைத்தாக வேண்டிய சின்ன வீட்டுக்கு இது பொருந்தாது.

ஸ்பாஞ்சு மெத்தை

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். ஆகையால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

ஸ்பாஞ்சு என்பது பாலியூரித்தேன் என்ற ரசாயனப் பொருள். பொங்கிய மாவு போல, உள்ளே முழுக்கக் காற்றறைகள். காற்று அதிகம், பொருள் குறைவு என்றால் விலை மலிவு, ஆயுளும் குறைவு. பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் கடைக்காரர்கள் "டென்சிட்டி" என்கிறார்கள். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்சு எத்தனை கிலோ என்ற கணக்கு அது. 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 32 கிலோ.

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க, அழுத்திப் பார்த்தாத் தெரியாதா?" என்றால், தெரியாது. கெட்டியாக இருப்பது வேறு, அடர்த்தி வேறு. அடர்த்தி குறைந்த ஸ்பாஞ்சையும் கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும்படி செய்ய முடியும். சில மாதத்தில் அது தளர்ந்து பள்ளமாகிவிடும்.

அழுத்திப் பார்ப்பதை விட எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அங்குலம் கனம் உள்ள ஸ்பாஞ்சு மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 6 கன அடி; சுமார் 0.17 கன மீட்டர். அது 32 டென்சிட்டி ஸ்பாஞ்சாக இருந்தால் எடை ஏறக்குறைய 5 கிலோ 400 கிராம் இருக்க வேண்டும். 40 டென்சிட்டி என்றால் 6 கிலோ 800. தராசில் மூன்றரைக் கிலோதான் காட்டுகிறது என்றால் அது வெறும் 20 டென்சிட்டி. பெரியவர்கள் தினமும் படுக்க அது தாங்காது. எப்போதோ வருகிற விருந்தாளிக்கு வேண்டுமானால் ஆகலாம். உறையின் எடையைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கு ஒரே வகை ஸ்பாஞ்சால் ஆன மெத்தைக்கு மட்டும்தான். நார் மெத்தைக்குப் பொருந்தாது. துண்டு ஸ்பாஞ்சுகளை அரைத்து, பசை போட்டு அழுத்திய "ரீபாண்டட்" மெத்தைக்கும் பொருந்தாது. அது கனமாகத்தான் இருக்கும். பார்த்தால் பல நிறத் துணுக்குகள் சேர்ந்து சந்தைத் தரை மாதிரி தெரியும். மோசமான பொருள் என்று சொல்ல முடியாது. அடியில் அது, மேலே நல்ல ஸ்பாஞ்சு என்று வைத்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் முழுக்க அதையே வைத்து ஒரே ஸ்பாஞ்சு என்று விற்றால் அது ஏமாற்று. எடை காட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்து ஸ்பாஞ்சு வார்ப்பதும் நடக்கிறது. ஓரத்தைக் கசக்கும்போது வெள்ளைத் தூள் உதிர்ந்தால் சந்தேகப்படுங்கள். இதற்கெல்லாம் உறையில் ஜிப் இருக்க வேண்டும். திறந்து காட்ட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஸ்பாஞ்சில் இன்னொரு சங்கடம் சூடு. உடம்பின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பின் அச்சு பதிகிற "மெமரி ஃபோம்" இன்னும் சூடு. ஓட்டு வீட்டில், மே மாதத்தில், மின்சாரமும் போய்விட்டால் அதில் படுப்பவர் பாடு சொல்ல வேண்டியதில்லை. மேலே கனமான பருத்தி விரிப்பு போட்டால் கொஞ்சம் தேவலை.

ரப்பர் பாலால் செய்த மெத்தை நல்லது, நெடுநாள் உழைக்கும், விலை மிக அதிகம். ஸ்பிரிங் மெத்தை பழுதானால் நம் ஊரில் சரிசெய்ய ஆள் இல்லை. இரண்டையும் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

கெட்டியா, மிருதுவா?

"இடுப்பு வலின்னா கட்டாந்தரையில படு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில டாக்டர்களும் முன்பு அப்படித்தான் சொன்னார்கள். நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை ஸ்பெயின் நாட்டில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும், மற்றதற்கு நடுத்தர மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். முடிவு 2003இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. ஆகவே கல்லாகவும் வேண்டாம், சேறாகவும் வேண்டாம்.

மல்லாந்து படுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாக உள்ளே போய் இடமும் மிச்சம் இருந்தால் மெத்தை மிகக் கெட்டி. கை நுழையவே இல்லை, புட்டம் புதைந்துவிட்டது என்றால் மிக மிருது. கொஞ்சம் தேய்த்துக்கொண்டு போனால் சரியான அளவு. பிறகு பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுங்கள். தோளும் இடுப்பெலும்பும் வலிக்காமல் பத்து நிமிஷம் இருக்க முடிகிறதா?

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடையில் நாலு பேர் பார்க்க மெத்தையில் படுப்பதற்குப் பெண்கள் கூச்சப்படுவார்கள். ஆகவே கணவர் மட்டும் படுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். படுக்கப் போவது இருவர், பார்த்தது ஒருவர். எழுபது கிலோ ஆளுக்கு நடுத்தரமாகத் தெரிவது நாற்பத்தைந்து கிலோ பெண்ணுக்குப் பலகையாகத் தெரியும். "உனக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில், உங்கள் அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துப் போனால் கூச்சம் பாதி குறையும். இருவருக்கும் ஒத்துவரவில்லையா? இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்றுக்குப் பதிலாக 3 அடி மெத்தை இரண்டு வாங்கிச் சேர்த்துப் போடுங்கள். காயவைக்கத் தூக்குவதும் சுலபம்.

யார் படுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து

கர்ப்பிணிகள் ஏழு மாதத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்குவதைத் தவிர்த்து, ஒருக்களித்துத் தூங்குவது வயிற்றுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. இடப்பக்கம் நல்லது. குழி விழுந்த மெத்தையில் ஒருக்களித்துப் படுக்க முடியாது. உடம்பு தானாக மல்லாந்துவிடும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு நோவு குறையும்.

கைக்குழந்தை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறோம். பச்சைக் குழந்தையை அமுங்குகிற மெத்தையில் தனியே படுக்க வைக்காதீர்கள். குப்புறப் புரண்டு முகம் புதைந்தால் தலையைத் தூக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. அழவும் முடியாது. குழந்தைக்கு இடம் தட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, கனத்த போர்வை எதுவும் பக்கத்தில் கூடாது. தாய்க்குப் பக்கத்திலேயே, ஆனால் தனி விரிப்பில் கிடத்துங்கள். குடித்துவிட்டு வந்தவர் குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கவே கூடாது.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு எந்த மெத்தை வாங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும். விலை உயர்ந்த மெத்தை வாங்கிப் போட்டாயிற்று என்று இதை விட்டால் படுக்கைப் புண் வரும். முதுகிலோ குதிகாலிலோ தோல் சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மறையாமல் இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

மெத்தையைத் தரையில் போடலாமா?

வயலை ஒட்டிய வீடு, மழைக்காலம் என்றால் கூடாது. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும் பாம்பு. தரையில் தூங்குகிறவர்களைத்தான் பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்தது பல சமயம் தெரியவே தெரியாது. வலி இருக்காது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று ஆரம்பிக்கும். "அஜீரணம்" என்று கசாயம் கொடுத்து நேரத்தை இழந்துவிடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்; விஷமுறிவு மருந்து அங்கே உண்டு.

ஆகவே மெத்தைக்கு ஒதுக்கிய பணத்தில் கட்டிலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விலை உயர்ந்த மெத்தையைத் தரையில் போடுவதை விட, சாதாரண மெத்தையைக் கட்டிலில் போடுவது நல்லது. உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுசாகப் பதிகிற உயரம் வேண்டும். ஆபரேஷன் செய்து பிரசவித்த பெண்ணுக்குத் தரையிலிருந்து எழுவது எவ்வளவு வேதனை என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். கட்டில் வாங்க வழியில்லை என்றால் கொசுவலையாவது கட்டி, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுங்கள். கொசுவுக்கும் பாம்புக்கும் இரண்டுக்கும் அது காவல்.

வாங்கிய பிறகு

கலர் கலரான பாலிதீன் உறையோடு அப்படியே படுத்துக்கொள்வது நம்மில் பலருக்கு வழக்கம். "அழுக்காயிடுமே" என்ற கவலை. அந்தப் பாலிதீனைக் கழற்றிவிடுங்கள். வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்ளே பூசணம் பிடிக்கும். குழந்தை முகத்தில் ஒட்டினால் மூச்சு அடைக்கும். அதற்குப் பதில் துவைக்கக்கூடிய பருத்தி உறை இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை விரிப்பை வெந்நீரில் துவைத்தால், இளைப்பைக் கிளப்புகிற கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குறையும். படுக்கையில் மூத்திரம் போகிற குழந்தை என்றால் விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் நன்றாக இழுத்துக் கட்டிப் போடுங்கள். பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

பஞ்சு மெத்தையைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெயிலில் போட்டுத் திருப்பிப் போடுங்கள். நார் மெத்தைக்கும் ஸ்பாஞ்சுக்கும் நிழலோடு காற்று போதும். கொளுத்துகிற வெயிலில் ரப்பரும் ஸ்பாஞ்சும் இற்றுப் பொடியாகும். மாதம் ஒரு தடவை தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போட்டால் ஒரே இடத்தில் குழி விழாது. மூட்டைப்பூச்சி வந்தால் தையல் மடிப்பையும் கட்டில் மூட்டையும் பாருங்கள், அங்கேதான் குடியிருக்கும். கட்டில் மூட்டுகளில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள், துணிகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை மெத்தையில் தெளிப்பது பூச்சியோடு ஆளையும் சேர்த்துக் கெடுக்கும்.

பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பில்லில் பொருளின் வகை, கனம், டென்சிட்டி எழுதச் சொல்லுங்கள். "அஞ்சு வருஷம் கியாரண்டிங்க" என்று வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வாசலுக்கு வண்டியில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறவரிடம் முதலில் பில் கேளுங்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போகலாம்.

பழைய மெத்தையை என்ன செய்வது? பஞ்சு நன்றாக இருந்தால் வெயிலில் உலர்த்தித் தலையணைக்கு அடைக்கலாம். நார் மெத்தை மாட்டுக் கொட்டகையில் கன்றுக்குட்டிக்குப் படுக்கையாகும். ஸ்பாஞ்சை மட்டும் கொல்லையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை விஷம். ஊராட்சிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.